லித்தியம் பற்றரி: எத்தனை ஏஎச் என்று மட்டும் கேட்டால் போதாது

திருகோணமலையில், கோணேசர் கோவிலுக்கு ஏறுகிற வழி. கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் படுத்திருக்கும் மரநிழலையும் கடந்து, ஏற்றம் தொடங்கிக் கொஞ்சத் தூரம்தான். என்னுடைய மின்சார ஸ்கூட்டர் சட்டென்று செத்துப்போனது. மீற்றர் அணைந்தது, லைற் அணைந்தது. பின்னால் மனைவி, அவர் மடியில் அர்ச்சனைத் தட்டு. சாவியை மூடித் திறந்தேன், உயிர் வந்தது. பற்றரி முக்கால்வாசி இருக்கிறது என்று மீற்றர் காட்டியது. முறுக்கினேன், பத்தடி போய் மறுபடியும் செத்தது. மூன்றாம் தரம் இறங்கித் தள்ளத் தொடங்கினேன். மான் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது.

பக்கத்தில் ஓட்டோவை மெதுவாக்கிய தம்பி கேட்ட முதல் கேள்வி: “எத்தனை ஏஎச் அண்ணை?”

“முப்பது.”

“முப்பது போட்டுமோ நிண்டது?”

அவர் அப்படிக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. பற்றரி என்றாலே எங்களுக்கு இருக்கிற ஒரே அளவுகோல், பெட்டியில் Ah என்று எழுதியிருக்கும் இந்த ஏஎச்தான். கூடினால் நல்லது, குறைந்தால் கூடாது. நானும் அப்படி நம்பித்தான் ஸ்கூட்டரோடு வந்த பழைய ஈய பற்றரி ஐந்தையும் கழற்றிவிட்டு, ‘60 வோல்ற் 30 ஏஎச் லித்தியம்’ என்று எழுதி நீலப் பிளாஸ்ரிக்கில் சுற்றியிருந்த ஒரு பெட்டியை வாங்கிப் போட்டேன். கையில் தூக்கியபோது என்ன இலேசு என்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. அந்த இலேசுக்குக் காரணம் பிறகு தெரிந்தது.

கூரைத் தாங்கியும் குழாயும்

வீட்டுக் கூரையில் உள்ள தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் வரும். மின்சாரத்தில் அந்த உயரத்துக்குப் பெயர் வோல்ற். குழாயில் ஒரு கணத்தில் ஓடுகிற தண்ணீரின் அளவு அம்பியர். ஒரு அம்பியர் வீதம் எத்தனை மணித்தியாலம் ஓடும் என்பது அம்பியர் மணி. நாம் ஏஎச் என்று சொல்வது இதைத்தான்.

ஆக, ஏஎச் என்பது தாங்கியில் உள்ள தண்ணீரின் அளவை மட்டும் சொல்கிறது. அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்வதில்லை. தரையில் வைத்த ஆயிரம் லீற்றரும் கூரையில் வைத்த ஆயிரம் லீற்றரும் ஒரே வேலையைச் செய்யாது. அதனால் இரண்டையும் பெருக்க வேண்டும். வோல்ற்றை ஏஎச்சால் பெருக்கினால் வருவது வாற் மணி. பற்றரிக்குள் உண்மையில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கு இதுதான் கணக்கு. 48 வோல்ற் 30 ஏஎச் என்றால் 1440 வாற் மணி. 72 வோல்ற் 30 ஏஎச் என்றால் 2160. இரண்டும் ‘முப்பது ஏஎச்’தான், ஆனால் ஒன்று மற்றதைப் போல ஒன்றரை மடங்கு.

ஆயிரம் வாற் மணி என்பது கரண்ட் பில்லில் வருகிற ஒரு யூனிட். 60 வோல்ற் 20 ஏஎச் பற்றரி ஒன்று நிரம்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். சீனன்குடாவில் வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அந்த ஊரில் இருந்துகொண்டே 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டோடு பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றரை யூனிட் என்பது என்ன ஆறுதல் என்று புரியும்.

சரி, எவ்வளவு தேவை? ஒருவரோ இருவரோ போகிற சாதாரண மின்சார ஸ்கூட்டர், எங்கள் ஊர் மாதிரி பெரும்பாலும் சமதரையில், கிலோமீற்றருக்குச் சுமார் 30 வாற் மணி குடிக்கும். மிதிக்கவும் செய்கிற மின்சாரச் சைக்கிள் என்றால் அதில் பாதியும் வராது. ஓட்டோ என்றால் இரண்டு மடங்குக்கு மேல். பட்டினத்திலிருந்து நிலாவெளி 15 கிலோமீற்றர், போய்வர 30. முப்பதை முப்பதால் பெருக்கினால் 900. எதிர்க்காற்று, பாரம், பற்றரியை அடிவரை வழிக்காமல் கொஞ்சம் மிச்சம் வைப்பது எல்லாம் சேர்த்து 1200 வாற் மணி என்று வைக்கலாம். என் தேவை அவ்வளவுதான்.

ஆகவே பற்றரியில் வோல்ற்றும் ஏஎச்சும் தனித்தனியே எழுதியிருந்தால் பெருக்கிப் பாருங்கள், பிறகு உங்கள் ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். ஆனால் தாங்கி பெரிதாக இருந்தும் குழாய் ஒடுங்கலாக இருந்தால்? என் ஸ்கூட்டர் நின்ற கதை அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் தாங்கியின் உள்ளே ஒருமுறை போய்வர வேண்டும்.

மூதூருக்குப் படகு, கிண்ணியாவுக்குப் பாலம்

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போக இரண்டு வழி. கொட்டியாரக் குடாவைப் படகில் குறுக்கே கடப்பது ஒன்று. கிண்ணியாப் பாலத்தால் தரை வழியே சுற்றிப் போவது மற்றது. லித்தியம் பற்றரியின் உள்ளே நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

பற்றரிக்குள் இரண்டு கரைகள். ஒரு கரை காரீயம், அதாவது கிரபைற்று. பென்சிலுக்குள் இருப்பது, போகலவிலும் ககட்டகஹவிலும் நிலத்தடியில் வெட்டி எடுப்பது, அதே பொருள். மறுகரை வேறு உலோகங்கள் கலந்த ஒரு சேர்மம். இரண்டுக்கும் நடுவில் ஒரு திரவம், அதுதான் குடா. லித்தியம் அணுக்கள் சார்ஜ் ஏறியிருக்கும்போது காரீயக் கரையில், படலம் படலமாக இருக்கும் இடுக்குகளில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் முறுக்கியதும் அவை மறுகரைக்குக் கிளம்பும். ஆனால் ஒவ்வொரு லித்தியமும் தன்னுடைய ஒரு இலத்திரனைக் கழற்றிவிட்டுத்தான் படகில் ஏற முடியும். இலத்திரனுக்குப் படகில் இடமில்லை, அது பாலத்தால் சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சுற்றுப்பாதைதான் உங்கள் வயர், மோட்டருக்கு மின்சாரத்தை அளந்துவிடுகிற கொன்ட்ரோலர், மோட்டர். போகிற வழியில் இலத்திரன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. இலத்திரனைக் கழற்றிவிட்ட அணுவுக்கு அயன் என்று பெயர். லித்தியம் அயன் பற்றரி என்ற பெயர் அதனால் வந்தது. சார்ஜ் போடுவது என்றால் எல்லாரையும் திருப்பிக் காரீயக் கரைக்கு அனுப்புவது.

இந்தப் படத்தை மனதில் வைத்தால் பற்றரியின் நோய்கள் எல்லாம் தானாகப் புரியும். ஒவ்வொரு பயணத்திலும் இரண்டொருவர் இறங்குதுறையில் சிக்கிப் பிறகு திரும்புவதே இல்லை. பற்றரி வயதாவது அப்படித்தான். வெயிலும் சூடும் கூடினால் அப்படிச் சிக்குகிறவர்களும் கூடுவார்கள். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றினால், அல்லது மிக வேகமாக ஏற்றினால், காரீயக் கரையில் இருக்கை கிடைக்காத லித்தியம் வெளியிலேயே உலோகமாகப் படியும். அது ஊசி ஊசியாக வளர்ந்து, இரு கரைகளையும் பிரிக்கிற மெல்லிய தாளைக் குத்திவிட்டால், பாலத்தால் போக வேண்டிய கூட்டம் முழுக்கக் குறுக்கே பாயும். பற்றரி சூடாகிப் புகைவது அப்போதுதான். குளிரில் சார்ஜ் போட்டாலும் இந்தப் படிவு வரும். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே போகிற குளிரைப் பற்றித் திருகோணமலைக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை.

லித்தியம் என்று ஒரு சாமான் இல்லை

கடையில் ‘லித்தியம் இருக்கா?’ என்று கேட்பது, சந்தைக்குப் போய் ‘மீன் இருக்கா?’ என்று கேட்பது மாதிரி. பாரையும் மீன்தான், கீரியும் மீன்தான்.

வித்தியாசம் மறுகரையில் உள்ள சேர்மத்தில் இருக்கிறது. சின்ன வாகனத்துக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு. முதலாவது நிக்கல், மங்கனீஸ், கோபால்ற் கலந்த ஒட்சைட்டு. சுருக்கமாக என்எம்சி. இரண்டாவது இரும்புப் பொஸ்பேற்று. சுருக்கமாக எல்எஃப்பி. பற்றரி என்பது பல சின்னக் கலங்களைச் சேர்த்துக் கட்டியது. ஒவ்வொரு சின்னக் கலத்துக்கும் பெயர் செல். பக்கம் பக்கமாக ஒரு வரிசையில் சேர்த்தால் ஏஎச் கூடும், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கட்டினால் வோல்ற் கூடும். என்எம்சி செல் ஒன்று 3.6 வோல்ற், நிரம்பினால் 4.2. எல்எஃப்பி செல் 3.2 வோல்ற், நிரம்பினால் 3.65. விற்பவருக்கே எந்த இனம் என்று தெரியாவிட்டால், நிரம்பும்போது மொத்தம் எத்தனை வோல்ற் என்றும் எத்தனை செல் தொடராகக் கட்டியிருக்கிறது என்றும் கேளுங்கள். வகுத்தால் இனம் தெரிந்துவிடும்.

என்எம்சி இலேசு. அதே பாரத்தில் கூடச் சக்தி பிடிக்கும், அதனால்தான் மின்சாரச் சைக்கிள்காரர் அதை விரும்புகிறார்கள். எல்எஃப்பி பாரமும் கூட, இடமும் கூட. ஆனால் என்எம்சி ஐந்நூறிலிருந்து ஆயிரம் தரம் நிரப்பி வடிக்கத் தாங்கினால், நல்ல எல்எஃப்பி இரண்டாயிரத்துக்கு மேல் தாங்கும். ஈய பற்றரி முந்நூறு நானூறோடு முடங்கிவிடும்.

தீ விஷயத்திலும் இரண்டும் ஒன்றல்ல. ‘லித்தியம் என்றால் பத்தும்’ என்று ஒரு பேச்சு, ‘எல்எஃப்பி பத்தவே பத்தாது’ என்று இன்னொரு பேச்சு. இரண்டும் அரைகுறை. கடுமையாகச் சூடேறினால் என்எம்சியின் ஒட்சைட்டு உடைந்து ஒட்சிசனை வெளிவிடும். தீக்கு வேண்டிய காற்று உள்ளிருந்தே வந்துவிடுவதால் அணைப்பது கஷ்டம். எல்எஃப்பியில் பொஸ்பரஸ் ஒட்சிசனை விடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது, அதனால் அது குழம்புவதற்கு இன்னும் கூடிய சூடு வேண்டும். ஆனால் உள்ளிருக்கும் திரவம் இரண்டிலும் எரியக்கூடியதுதான். எல்எஃப்பி செல்லைக் குத்தினால், நசுக்கினால், அதுவும் புகையும். இந்த இரும்புப் பொஸ்பேற்றைப் பற்றரிக்கு ஏற்றதென்று 1990களில் காட்டியது விஞ்ஞானி ஜோன் குடினஃபின் ஆய்வுக்குழு. லித்தியம் அயன் பற்றரிக்காக 2019 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தபோது அவருக்கு வயது 97.

என்னைக் கேட்டால், சைக்கிளைத் தவிர மற்ற எதற்கும் இந்த ஊரில் எல்எஃப்பி. ஸ்கூட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டா போகிறோம்? நாலைந்து கிலோ கூடினால் ஒன்றும் கெட்டுப்போகாது. பகல் முழுக்க 34, 35 பாகை வெயிலில் நிற்கிற வண்டிக்கும், இரவில் முன் விறாந்தையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு உள்ளே நித்திரை கொள்கிற குடும்பத்துக்கும், பதறாத சாமான்தான் நல்லது.

ஏற்றத்தில் நடந்தது என்ன

இப்போது குழாயின் பருமனுக்கு வருவோம். சமதரையில் என் ஸ்கூட்டர் இழுப்பது 10, 15 அம்பியர். இருவர் ஏறிக் கோணேசர் ஏற்றத்தில் முறுக்கினால் 35 அம்பியர் வரை போகும். ஒரு பற்றரி தன் அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேகமாக வடியலாம் என்பதைச் ‘சி’ என்ற எழுத்தால் சொல்வார்கள். 20 ஏஎச் பற்றரியிலிருந்து 20 அம்பியர் எடுத்தால் அது ஒரு சி. 40 எடுத்தால் இரண்டு சி. சில செல்கள் மூன்று சி வரை சளைக்காமல் கொடுக்கும். லப்டொப்புக்காகச் செய்தவை ஒன்று ஒன்றரையிலேயே மூச்சு வாங்கும்.

மூச்சு வாங்குவது என்றால், இழுக்கும்போது வோல்ற் விழுகிறது. மேல்மாடியில் குளிக்கும்போது கீழே யாரோ குழாயைத் திறந்தால் தண்ணீர் மெலிந்துவிடுகிறதே, அது போல. செல்லின் உள்ளே இருக்கும் இந்த இறுக்கத்துக்கு உட்தடை என்று பெயர். செல் பழசாகப் பழசாக உட்தடை கூடும். ஓய்வில் பார்த்தால் வோல்ற் சரியாகவே இருக்கும். அதனால்தான் மீற்றர் முக்கால்வாசி காட்டியது.

ஏன் மெதுவாகாமல் ஒரேயடியாகச் செத்தது? ஒவ்வொரு லித்தியம் பற்றரிக்குள்ளும் பீஎம்எஸ் என்ற சின்ன மின்சுற்றுப் பலகை ஒன்று இருக்கிறது, இருக்க வேண்டும். அது காவற்காரன். தொடராகக் கட்டிய ஒவ்வொரு வரிசையின் வோல்ற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு வரிசை கூட நிரம்பினாலும், அடிமட்டத்துக்குக் கீழே போனாலும், அம்பியர் எல்லை மீறினாலும் முழுப் பற்றரியையும் துண்டித்துவிடும். பதினாறு வரிசை நன்றாக இருந்தாலும் பதினேழாவது விழுந்தால் கதை முடிந்தது. சோடி மாட்டில் ஒன்று படுத்தால் வண்டி நிற்கத்தானே வேண்டும்.

தெரிந்த ஒரு மின் திருத்துநரிடம் கொண்டுபோய் அந்த நீலப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஏஏ பற்றரியை விடக் கொஞ்சம் பெரிய உருளைகள். 18 மில்லிமீற்றர் குறுக்கு, 65 மில்லிமீற்றர் நீளம், அதனால் 18650 என்று அழைக்கப்படுபவை. பச்சை உறை, ஊதா உறை, சாம்பல் உறை, எல்லாம் கலந்திருந்தன. முனைகளில், முன்பு ஒட்டியிருந்த தகட்டைப் பிய்த்தெடுத்த சுரண்டல் தழும்புகள். லப்டொப்பில் இருந்து கழற்றிய பழசு. எண்ணினோம்: தொடராக 17, ஒவ்வொரு வரிசையிலும் 8, மொத்தம் 136. அப்படியான செல் ஒன்று புதிதாக இருந்தபோதே ஏறக்குறைய 2.5 ஏஎச்தான். எட்டை 2.5 ஆல் பெருக்கினால் 20. முப்பது வேண்டுமென்றால் வரிசைக்குப் பன்னிரண்டு, மொத்தம் 204 இருந்திருக்க வேண்டும். பிறகு மோட்டரை இழுக்கவிட்டு மீற்றர் வைத்துப் பார்த்தார். ஒரேயொரு வரிசை 3.9 இலிருந்து 3 வோல்ற்றுக்குக் கீழே சறுக்கியது. மற்றப் பதினாறும் தாக்குப்பிடித்தன.

சுருக்கமாகச் சொன்னால், எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வாற் மணி பதில் சொல்லும். ஏற்றத்தில் ஏறுமா என்பதற்குச் செல்லின் தரமும், ‘தொடர்ச்சியாக எத்தனை அம்பியர்’ என்ற எண்ணும்தான் பதில். அந்த எண் கொன்ட்ரோலரில் எழுதியிருக்கும் அம்பியரை விடக் கூடவாக இருக்க வேண்டும். பீஎம்எஸ்சைக் கழற்றிவிட்டு நேரே வயர் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், வீட்டுப் பியூசுக்குப் பதில் ஆணி வைக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜர், வெயில், உப்புக்காற்று

ஈய பற்றரியின் சார்ஜரை லித்தியத்துக்குப் போடக்கூடாது. இரண்டிலும் ‘60 வோல்ற்’ என்றுதான் எழுதியிருக்கும், பிளக்கும் பொருந்தும், ஆபத்தே அதுதான். ஐந்து ஈய பற்றரிக்கான சார்ஜர் 73 வோல்ற் தாண்டிப் போகும். 17 செல் என்எம்சி நிரம்புவது 71.4 இல். ஒவ்வொரு நாளும் காவற்காரன் வந்து தடுத்தால்தான் தப்பும் என்ற நிலை. புதுப் பற்றரியோடு அதற்குரிய சார்ஜரையும் வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஓடிவந்த சூட்டோடு சார்ஜில் போடாமல் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். என்எம்சியைத் தினமும் எண்பது வீதத்தோடு நிறுத்தினால் ஆயுள் கூடும். எல்எஃப்பியை இடைக்கிடை முழுக்க நிரப்ப வேண்டும், அப்போதுதான் பீஎம்எஸ் வரிசைகளைச் சமப்படுத்தும். எல்எஃப்பியின் வோல்ற் கடைசிவரை பெரிதாக இறங்காது, கடைசியில் ஒரேயடியாக விழும். ஆகையால் பழைய மீற்றரின் கோடுகளை நம்பாமல் ஓடிய தூரத்தைப் பாருங்கள்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோடு வண்டி வைப்பவர்கள் முனைகளை மாதம் ஒருதரமாவது பார்க்க வேண்டும். பச்சையாகப் பூத்திருந்தால் அங்கே தடை கூடிச் சூடாகும். நவம்பர், டிசம்பர் மழையில் வெள்ளத்துக்குள் முங்கிய பற்றரியைக் காயவைத்துச் சார்ஜ் போடுவது வேண்டாத வேலை. உப்புத் தண்ணீர் என்றால் கிட்டவே போகாதீர்கள்.

கடையில் தராசு கேட்டவன்

இரண்டாம் தரம் வாங்கப் போனபோது நான் கேட்ட கேள்விகள் அதிகமில்லை. எந்த இனம், தொடராக எத்தனை செல், தொடர்ச்சியாக எத்தனை அம்பியர், எவ்வளவு பாரம். கடைசிக் கேள்விக்கு விற்பவர் ஒரு மாதிரிப் பார்த்தார். பக்கத்து அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாமா என்றதும் இன்னும் ஒரு மாதிரிப் பார்த்தார்.

பாரம் பொய் சொல்லாது. கட்டி முடித்த என்எம்சி பற்றரி கிலோவுக்கு 150 இலிருந்து 180 வாற் மணி, எல்எஃப்பி கிலோவுக்கு 100 இலிருந்து 120. பழைய நீலப் பெட்டி உண்மையாகவே 1800 வாற் மணி என்றால் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ இருந்திருக்க வேண்டும். அது ஏழு கிலோவுக்குக் கிட்டத்தான் நின்றது. நான் இலேசு என்று சந்தோஷப்பட்டது, இல்லாத மூன்று கிலோவுக்கு மேலான பாரத்துக்காக.

புதிதாக எடுத்தது எல்எஃப்பி, 20 செல் தொடர், 64 வோல்ற், 24 ஏஎச். 1536 வாற் மணி. தராசில் பதின்மூன்றரைக் கிலோ. “முந்தி முப்பது, இப்ப இருபத்திநாலோ? குறைச்சுப் போட்டீங்களே அண்ணை” என்றார் அந்த ஓட்டோத் தம்பி. அடுத்த வெள்ளிக்கிழமை அதே ஏற்றத்தில், அதே பாரத்தோடு, வோல்ற் 65 இலிருந்து 62க்கு இறங்கியது. மேலே போய் நின்றதும் திரும்ப 65க்கு வந்தது.

பழைய ஈய பற்றரி ஐந்தையும் வீதியால் வந்த பழைய இரும்புக்காரர் நிறுத்து எடுத்துக்கொண்டு போனார். நீலப் பெட்டியையும் கையில் எடுத்தவர், லித்தியம் என்று நான் சொன்னதும் மெதுவாகத் திருப்பிக் கீழே வைத்துவிட்டார். இப்போதைக்கு அது வளவின் மூலையில், வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, மணல் நிரப்பிய ஓட்டைக் கிடாரத்துக்குள், மழை படாமல் மேலே ஒரு தகரத்தோடு இருக்கிறது.